மேற்கு வெயிலும் வண்ணக் கண்ணாடியும்

கேள்வி: புது வீட்டு ஹாலில், மேற்குப் பார்த்த ஆறடி ஜன்னல் முழுக்க ஸ்டெயின்டு கிளாஸ் போட ஆசை. இருட்டாகும், சூடு ஏறும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். ஸ்டிக்கர் ஒட்டினாலே போதும் என்கிறார் கடைக்காரர். எது சரி?
– வாசகி, மண்ணூர்

பதில்: ஆசையைக் கைவிடாதீர்கள், இடத்தை மட்டும் மாற்றுங்கள். சுவரில் மாட்டிய படம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் தெரியும். வண்ணக் கண்ணாடியோ தன்னைக் கடந்து வரும் வெளிச்சத்தில்தான் உயிர்பெறும். ஆகவே டிசைனுக்கு முன்னால் திசையையும் உயரத்தையும் முடிவு செய்ய வேண்டும். இதற்கு வழிகாட்டி செட்டிநாட்டு வீடுகளிலேயே இருக்கிறது. அங்கே வாசல், ஜன்னல்களுக்கு மேலுள்ள வளைவுகளில் சிவப்பும் நீலமும் பச்சையுமாகச் சிறு கண்ணாடிகளைப் பதித்திருப்பார்கள். கீழே திறந்து மூடும் மரக்கதவு. காற்றுக்கும் பார்வைக்கும் கீழ்ப்பாதி, நிறத்துக்கு மேல்பாதி. வெயில் ஏற ஏற அந்த நிறங்கள் தரையில் மெல்ல நகரும். முழு ஜன்னலையும் மூடாமலே வீட்டுக்குள் வண்ணம் வந்துவிடுகிறது.

வீட்டார் சொல்லும் சூடு உண்மைதான். மாலை வெயில் தாழ்ந்து வருவதால் மேற்கு ஜன்னலில் சன்ஷேடு அதிகம் உதவாது. அடர்ந்த நிறக் கண்ணாடி வெப்பத்தை உறிஞ்சித் தானும் சூடாகி, அதில் ஒரு பங்கை அறைக்குள் விடும். அதனால் மேற்கை விட்டுவிடுங்கள். கிழக்கு ஜன்னலின் மேல்பகுதி, மாடிப்படித் திருப்பம், பூஜையறைக் கதவு ஆகியவை பொருத்தமான இடங்கள். அங்கே ஒன்றரை அடி உயரத்துக்கு மட்டும் வண்ணக் கண்ணாடி வைத்தால் அறை இருட்டாகிவிடாது. அடர்நீலத்தைக் குறைத்து வெளிர்மஞ்சளைக் கூட்டினால் வெளிச்சம் இன்னும் தாராளமாக வரும்.

ஸ்டிக்கர் மலிவு, வாடகை வீட்டுக்கு அது போதும். ஆனால் அதன் நிறம் மேலே ஒட்டிய படலத்தில் இருக்கிறது. வெயிலில் வெளுக்கும், ஓரம் பெயரும். உண்மையான வண்ணக் கண்ணாடியில், உருக்கும்போதே கோபால்ட் சேர்ந்தால் நீலம், இரும்பு சேர்ந்தால் பச்சை என்று நிறம் அதன் உடம்பிலேயே ஊறிவிடுகிறது. பிரான்சின் சார்த்ர் தேவாலயத்தில் 12ஆம் நூற்றாண்டு நீலம் இன்றும் ஒளிர்வது அதனால்தான். உடையாதா, கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டை குழந்தைகளுக்கு ஆகுமா என்றால், அதற்கும் வழி உண்டு. வண்ணப் பலகையை இரண்டு டஃபன்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து, ஓரங்களைக் காற்றுப் புகாமல் அடைத்துவிடலாம். குழந்தையின் கை ஈயத்தில் படாது. தெருப் புழுதியும் பட்டை இடுக்கில் சேராது. டஃபன்டு கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது என்பதால், ஜன்னல் சட்டம் பொருத்திய பின்பே அளவு கொடுங்கள்.

ஆறடிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒன்றரை அடியைக் கைதேர்ந்தவரிடம் நேர்த்தியாகச் செய்து வாங்கலாம். ஆர்டர் கொடுக்கும் முன், நினைத்த இடத்தில் கலர் கண்ணாடித் தாளை ஒருநாள் ஒட்டிவைத்து, காலை முதல் மாலைவரை நிறம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கண்ணாடிக்கு உரிய இடத்தை வெயிலே காட்டிவிடும்.