பழைய சுவருக்கு என்ன பூச்சு?

1990இலும் பின்னர் 2007இலும் ஊரைவிட்டுப் போய்த் திரும்பிய படுவான்கரைக் குடும்பங்கள் பலவற்றுக்கு வளவில் எஞ்சி நின்றது சுவர் மாத்திரமே. கூரை சரிந்து, கதவும் நிலையும் கழன்று போயிருந்தன. ஓரடித் தடிப்பான மண்சுவர், அல்லது களிமண் சாந்தில் கட்டிய செங்கற்சுவர் நின்றது. அதை இடிப்பதா, வைத்துக்கொள்வதா என்று எம்மிடம் கேட்டவர்கள் அநேகர். வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். அது சரியான பதில்தான். ஆனால் அடுத்து நாம் செய்தது பிழை.

உதவியாகக் கிடைத்த சீமெந்தை அப்படியே அந்தச் சுவர்களுக்கு வெளியே பூசுவித்தோம். ஒரு வீட்டை மறக்க முடியாது. ஆவணியில் பூசி வெள்ளையடித்தபோது புதுவீடுபோல் இருந்தது. முதல் மாரி கழிந்ததும் அடிப்பக்கம் வீங்கியது. இரண்டாவது மாரியில் பூச்சு பலகைபோல் விழுந்தது. அதனுடன் நாலு விரற்கடை மண்ணும் வந்தது. உள்ளே சுவர் களிபோல் இளகிக் கிடந்தது. மேசனைக் குறை சொன்னோம். அவர் சொன்ன வேலையைத்தான் செய்தார், சொன்னவர்கள் நாம்.

ஏன் அப்படி நடந்தது? மண்ணும் களிமண் சாந்தும் நீரை உறிஞ்சும், பின் காற்றில் விட்டுவிடும். அத்திவாரத்தின் வழியே நிலத்தின் ஈரம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மேலே ஏறும். மாரியில் ஏறியது கச்சான் காற்றில் உலர்ந்துவிடும். இந்தப் போக்குவரத்து நடக்கும்வரை சுவருக்குக் கேடில்லை. சீமெந்துப் பூச்சோ இறுக்கமானது. அதில் ஒரு மயிர்வெடிப்பு விழுந்தால் மழைநீர் உள்ளே போகும். போன நீர் ஆவியாக வெளியே வர வழி இல்லை. மண்சுவர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் சற்றே அசைந்து கொடுக்கும், சீமெந்து அசையாது. ஆகவே வெடிப்பு விழாமல் இருக்காது.

வாவிக்கரையில் இன்னொரு சங்கடமும் உண்டு. எமது நிலத்தடி நீரிலும் மணலிலும் உவர் இருக்கிறது. ஈரம் உலரும் இடத்தில் உப்பு பூக்கும். சுவரின் வெளிமுகத்தில் பூத்தால் விளக்குமாற்றால் தட்டிவிடலாம். சீமெந்துக்குப் பின்னால் பூத்தால் அது பருத்துப் பூச்சையே தள்ளிவிடும்.

இது எமக்கு மட்டும் வந்த வினை அல்ல. அமெரிக்காவில் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் ரான்சோஸ் டி தாவோஸ் என்ற ஊரில், பச்சை மண்கல்லால் கட்டிய புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயம் இருக்கிறது. ஆண்டுதோறும் மண் பூசும் வேலை மிச்சமாகும் என்று எண்ணி 1967இல் அதற்குச் சீமெந்து பூசினார்கள். உள்ளே ஈரம் தேங்கிச் சுவர் இளகியதைக் கண்டு 1979இல் அதை உரித்தெடுத்துவிட்டு மண்பூச்சுக்கே திரும்பினார்கள். இன்றும் கோடையில் பங்கு மக்கள் கூடி மண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசுகிறார்கள். போர்ட்லண்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டதே 1824இல்தான். எமது மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டியபோது சீமெந்து ஏது?

இனி வெக்கையைப் பற்றி. கச்சான் வீசும் மாதங்களில் பிற்பகல் வெயில் மேற்குச் சுவரில் நேராக விழுகிறது. அந்த ஒரு சுவருக்கு வெளியே இரண்டு அங்குலத் தடிப்பில் வைக்கோல் மண் போர்த்தினால் உள்ளே சூடு குறையும். வைக்கோலின் குழாய்களில் நிற்கும் காற்றுத்தான் சூட்டைத் தடுப்பது. வைக்கோல் மிகுதியாய்ச் சேர்த்த இலேசான கலவையில், இறுகிய மண்ணில் போவதில் ஏறக்குறையக் காற்பங்கு சூடுதான் கடந்து போகும். ஈரச்சுவர் சூட்டை மேலும் அதிகமாகக் கடத்தும் என்பதையும் சேர்த்து நினையுங்கள். உலர்ந்த சுவரே குளிர்ந்த வீடு.

மண்ணைத் தெரிவது எப்படி? ஒரு போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு நீர் நிரப்பிக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் படியும்; களி மறுநாள்தான் மேலே படியும். களி அதிகமானால் மணல் சேர்க்கவேண்டும். ஆனால் கணக்கை நம்பிச் சுவர் முழுவதும் பூசவேண்டாம். ஒரு பங்கு களிமண்ணுக்கு இரண்டு, இரண்டரை, மூன்று பங்கு மணல் என்று மூன்று கலவை குழைத்து, சுவரில் முழ அகலத்தில் பூசி ஒரு கிழமை பாருங்கள். வெடித்தால் மணலோ வைக்கோலோ போதாது. கைபட்டு உதிர்ந்தால் களி போதாது. வைக்கோலை விரல் நீளத்தில் நறுக்கி, நனைத்து, இரண்டு மூன்று நாள் மண்ணுடன் புளிக்கவிட்டுக் காலால் மிதிப்பது பழைய முறை. அதைவிட நல்ல முறை எமக்குத் தெரியவில்லை. பழைய சுவரைச் சுரண்டி, நீர் தெளித்து, களிக்கரைசல் அடித்த பின்னரே பூசவேண்டும். இரண்டு அங்குலத்தை ஒரே தடவையில் ஏற்றினால் விழும். முதற்பூச்சு காய்ந்த பின் அடுத்தது.

பாழ்வளவில் மண் வெட்டும்போது கவனம். மாவட்டம் 2017இல் கண்ணிவெடியற்றது என அறிவிக்கப்பட்டதுதான். ஆயினும் அறியாத இரும்பு தட்டுப்பட்டால் தொடாமல் பொலிசுக்கு அறிவியுங்கள்.

மேற்பூச்சுக்குச் சுண்ணாம்பு வேண்டும். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாகிறது. கல்லானாலும் ஈரத்தை வெளியே விடும். முருகைக்கல் சுட்ட சுண்ணாம்பை வாங்கவேண்டாம். கரையோரத்தில் அதை எடுப்பது சட்டவிரோதம். கரையைக் காப்பதும் அந்தக் கல்தான். சிப்பிச் சுண்ணாம்பு போதும். சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது நீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். சுண்ணாம்பின்மேல் நீரை ஊற்றவேண்டாம். அது கொதிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். நீற்றிய சுண்ணாம்பு ஒன்றுக்கு உவரற்ற மணல் மூன்று. வாவிக்கரை மணல் உதவாது. பூசிய பின் ஒரு கிழமை நனைந்த சாக்கால் மூடி வையுங்கள். மாசி, பங்குனி உகந்த காலம். கச்சானில் பூசினால் காய்ந்து பொடியாகும், ஐப்பசியில் பூசினால் இறுகுமுன் மழை வந்துவிடும்.

ஒன்றை மறைக்கக்கூடாது. எந்த மண்பூச்சும் தேங்கிய வெள்ளத்தில் நிற்காது. 2011 தை வெள்ளம் அதைக் காட்டியது. எனவே நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வைக்கோல் மண் வேண்டாம். அங்கே கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். தாழ்வாரம் இரண்டடியாவது வெளியே நீளட்டும். கறையான் ஏறும் தடம் தெரியும்படி அடிப்பக்கத்தைத் துப்பரவாக வைத்திருங்கள். செல் பட்டுச் சாய்ந்த சுவரை எந்தப் பூச்சும் நிமிர்த்தாது; அதைத் திருத்திய பின்பே பூச்சைப் பற்றிப் பேசலாம். சீமெந்துக் கல்லால் கட்டிய புதிய வீடுகளுக்குச் சீமெந்துப் பூச்சுப் பொருந்தும். நாம் சொல்வது பழைய சுவர்களுக்கு.

ஏற்கெனவே சீமெந்து பூசியவர்கள் என்ன செய்வது? விரலால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்ற ஓசை கேட்கும் இடமெல்லாம் பூச்சு விட்டுவிட்டது. கீழிருந்து மூன்றடியை மெதுவாகக் கழற்றிவிட்டு, ஒரு கச்சான் முழுவதும் சுவரைத் திறந்தே விடுங்கள். அதை உலரவிடாமல் மறுபூச்சுப் போடவேண்டாம். கார்த்திகை மழைக்கு முன் கிடுகுத் தட்டி ஒன்றைச் சுவருக்கு ஒரு சாண் தள்ளிச் சாத்தி வைத்தால், மாசி வரையும் சுவர் தாங்கும்.