ரீஃப்: பாயைக் குறைச்சா படகு ஏன் நிமிர்ந்து ஓடுது?

வேஃபேரர்னு ஒரு பாய்மரப் படகு. இயன் ப்ராக்டர் 1957-ல் வடிவமைச்சது. நீளம் 4.8 மீட்டர்தான், கேபின் கிடையாது. 1963-ல் ஃப்ராங்க் டை இதுல ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்து வரைக்கும் போனார். இவ்ளோ சின்னப் படகு பெருங்காற்றைச் சமாளிக்க ஒரு பழைய உத்தி உண்டு: ரீஃப். அதாவது, மெயின்செயிலைக் கொஞ்சம் இறக்கி, கீழ்ப்பகுதியை மடிச்சுக் கட்டி, பரப்பைக் குறைக்கிறது.

முதல்ல கணக்கு

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். ஒரு பாயின் பரப்பு 10 சதுர மீட்டர், விசை மையம் 3 மீட்டர் உயரம், குணகம் 1-னு வெச்சுக்குவோம். 15 நாட் காற்றுல (வினாடிக்கு 7.7 மீட்டர்) படகைச் சாய்க்கிற மொமென்ட் சுமார் 1,100 நியூட்டன் மீட்டர். 20 நாட் ஆனா சுமார் 1,950!

இப்போ ஒரு ரீஃப் போடுவோம். பரப்பு 7 சதுர மீட்டர், உயரம் 2.4 மீட்டர். அதே 20 நாட் காற்றுல மொமென்ட் திரும்ப 1,100-க்கே வந்துடும். விசையும் குறையுது, நெம்புகோல் நீளமும் குறையுது. இரட்டை லாபம்.

வேகம் போயிடாதான்னு கேட்கலாம். ரொம்பச் சாய்ஞ்ச படகு தானாவே காற்றுப் பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க சுக்கானை மடக்கிப் பிடிச்சா, சுக்கானே பிரேக் ஆயிடும். அதனால பலத்த காற்றுல ரீஃப் போட்ட படகு பெரும்பாலும் வேகத்தை இழக்காது.

பாய் ஏற்றுவது

1. படகின் முனையைக் காற்றுக்கு நேரா திருப்புங்க.
2. மெயின்ஷீட், கிக்கர் கயிறுகளைத் தளர்த்துங்க.
3. ஹால்யார்ட் கயிறு எங்கேயும் சிக்கலைன்னு மேலே பார்த்து உறுதி பண்ணிட்டு இழுங்க.
4. முன்விளிம்புல குறுக்குச் சுருக்கம் இருந்தா இன்னும் இழுக்கணும். நீளவாக்குல மடிப்பு விழுந்தா கொஞ்சம் தளர்த்தணும்.

ரீஃப் போடுவது

1. மெயின்ஷீட், கிக்கர் இரண்டையும் தளர்த்துங்க. பூம் கீழே விழாம டாப்பிங் லிஃப்ட் கயிறு தாங்கணும். அது இல்லாத படகுல ஒருத்தர் கையால பிடிச்சுக்கணும்.
2. ஹால்யார்டை இறக்கி, முன்விளிம்பு ரீஃப் வளையத்தைப் பூமின் முன்முனைக் கொக்கியில மாட்டுங்க.
3. ஹால்யார்டை மறுபடி இறுக்குங்க.
4. பின்விளிம்பு ரீஃப் கயிறை இழுங்க. வளையம் பூமோட ஒட்டி, பின்பக்கமா இழுபட்டு நிக்கணும்.
5. தொங்குற துணியைச் சின்னக் கயிறுகளால லேசா கட்டுங்க.
6. டாப்பிங் லிஃப்டைத் தளர்த்தி, கிக்கர், மெயின்ஷீட்டை இறுக்குங்க.

பாரம் முழுக்க இரண்டு முனை வளையங்கள் மேலதான் இருக்கணும். சின்னக் கயிறுகள் மேல பாரம் வந்தா பாய் கிழியும். அதனால ரீஃபை அவிழ்க்கும்போது முதல்ல அந்தச் சின்னக் கயிறுகள், அப்புறம் பின்வளையம், கடைசியா முன்வளையம்.

எப்போ?

காற்று பின்னாலிருந்து வரும்போது ஏமாந்துடாதீங்க. 15 நாட் காற்றுல 5 நாட் வேகத்துல அதோட சேர்ந்து போனா, உங்களுக்கு 10 நாட்தான் தெரியும். காற்றுக்கு 45 டிகிரியில திரும்பினா அதே காற்று 19 நாட் ஆயிடும். விசை மூன்றரை மடங்கு! "ரீஃப் போடலாமா"ன்னு முதல் தடவை தோணும்போதே போட்டுடணும்னு மாலுமிகள் சொல்றது இதனாலதான். புதுசா கத்துக்கிறவங்க கரையிலயே போட்டுக்கிட்டுக் கிளம்பலாம். லைஃப் ஜாக்கெட் எப்பவும் கட்டாயம்.

உங்களுக்கு ஒரு கணக்கு: இரண்டாவது ரீஃப்ல பரப்பு 5 சதுர மீட்டர், உயரம் 1.9 மீட்டர். எத்தனை நாட் காற்றுல மொமென்ட் 1,100-ஐத் தொடும்? விடை சுமார் 27. போட்டுப் பாருங்க!