கூடாரத்தில் இணையம்

கோடை விடுமுறை வந்தால் தில்லியில் இருக்கும் நம்மவர்களில் பாதிப் பேர் ஊருக்கு ரயில் ஏறுவார்கள். டிக்கெட் கிடைக்காதவர்கள் மலைக்குப் போவார்கள். சென்ற ஜூனில் நாங்கள் இரண்டாவது வகை. உத்தரகண்டில் ஊகிமட்டிலிருந்து கோபேஷ்வர் போகும் சாலையில் உள்ள சோப்தா அருகே கூடாரம். அன்றுதான் தஞ்சாவூரில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். அண்ணன் உடனிருந்தார். "சாயங்காலம் பேசுகிறேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அதற்காகவே ஒரு மொபைல் ரவுட்டரும் வாங்கிப் போயிருந்தோம்.

ரவுட்டரைப் போட்டதும் போனில் வைஃபை கோடுகள் முழுதாக வந்தன. ஆனால் ஒரு செய்திகூடப் போகவில்லை. "சிக்னல் ஃபுல்லா இருக்கேப்பா!" என்றான் மகன். அணைத்து அணைத்துப் போட்டே இரவு கழிந்தது.

கோளாறு கருவியில் இல்லை. இங்கே இரண்டு இணைப்புகள் உண்டு. போனிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று, அதுதான் வைஃபை. ரவுட்டரிலிருந்து டவர் வரை மற்றொன்று. போனில் தெரியும் வைஃபை கோடுகள் முதல் இணைப்பை மட்டுமே காட்டும். ரவுட்டர் இணையத்தை உண்டாக்குவதில்லை. அதனுள் இருக்கும் சிம்முக்குக் கிடைப்பதைப் பங்கிட்டுத் தருகிறது, அவ்வளவே. டவர் இணைப்பைப் பார்க்க ரவுட்டரில் தனி விளக்கோ திரையோ இருக்கும். நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

அப்படியானால் போனின் ஹாட்ஸ்பாட்டே போதாதா? பல நேரம் போதும். போனில் ஒரு நிறுவனம், ரவுட்டரில் வேறு நிறுவனம் என்று சிம் போட்டால்தான் ரவுட்டருக்கு அர்த்தம் உண்டு. ஒன்று எட்டாத இடத்தில் மற்றது எட்டலாம். சில ரவுட்டர்கள் விற்ற நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும், வாங்கும்போதே கேளுங்கள். லடாக், காஷ்மீர் போகிறவர்கள் போஸ்ட்பெய்டு சிம் கொண்டுபோக வேண்டும். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது.

அடுத்தது இடம். மலை குறுக்கே நின்றால் அலை வராது. பள்ளத்தில் இல்லாத சிக்னல் இருநூறு அடி மேலே கிடைக்கலாம். ஆகவே ரவுட்டர் இருக்க வேண்டியது தலையணைக்கு அருகே அல்ல, டவர் எட்டும் இடத்தில். கூடாரத்துக்கு வெளியே உயரமான கம்பிலோ கிளையிலோ, மழை படாமல் பிளாஸ்டிக் பையில் தொங்கவிடலாம். பத்துப் பதினைந்து மீட்டர் தூரத்துக்கு வைஃபை தாராளமாக வரும். காருக்குள் மட்டும் வைக்காதீர்கள். இரும்புக் கூடு அலையைத் தடுக்கும்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். இரவில் ரவுட்டரை அணைத்து, பவர் பேங்கைப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வரைபடம், டிக்கெட், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ரிஷிகேஷ் தாண்டுமுன்பே போனில் இறக்கிவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் மைத்துனர் செயற்கைக்கோள் கருவி கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் நாட்டில் அனுமதியின்றி அதை வைத்திருப்பது குற்றம்.

மறுநாள் காலை சாலை வளைவு ஒன்றில் ஏறி நின்றபோது ரவுட்டரின் விளக்கு பச்சையானது. அம்மா கண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. "மலை சரிஞ்சுதுன்னு டி.வி.யில காட்டினானே, புள்ளைங்க பத்திரமா?" என்றுதான் கேட்டார். ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை என்று அண்ணன் பிறகு சொன்னார்.

இப்போதெல்லாம் கிளம்பும்போதே, "இரண்டு நாள் பேச முடியாது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரிஷிகேஷிலிருந்து கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன். ரவுட்டரும் பையில் இருக்கிறது.