தங்கச் சுரங்கமும் துளைக்கிணறும்: கோலார் விவசாயத்தின் செலவுக் கணக்கு

கோலார் தங்கவயலில் பூமியைத் துளைத்துப் பொருள் எடுக்கும் தொழில், ஜான் டெய்லர் கம்பெனியாரின் முயற்சியால் 1880ஆம் ஆண்டில் நவீன முறையில் தொடங்கி, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதியுடன் நின்றுபோயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியிருந்தது. பாறையில் தங்கம் முற்றிலும் தீர்ந்துபோனமையால் சுரங்கம் மூடப்படவில்லை. இறுதி ஆண்டுகளில் ஒரு டன் பாறையை உடைத்து மேலேற்றினால் ஏறத்தாழ 3 கிராம் தங்கமே கிடைத்தது. அந்த 3 கிராமை எடுக்கும் செலவு அதன் விலையை விஞ்சிவிட்டதே மூடியதற்குக் காரணம். பொருளாதார நூல்கள் இதனைக் குன்றும் பண்டத்தின் ஏறுமுகச் செலவு எனக் கூறும்.

அதே ஜில்லாவில் வேறொரு துளைக்கும் தொழில் இன்றும் நடந்து வருகிறது. அது துளைக்கிணறு தோண்டுதல் ஆகும். இதிலும் குன்றும் பண்டம் உண்டு. ஏறுமுகச் செலவும் உண்டு. ஆனால் சுரங்கத்தில் டன் ஒன்றுக்கு என்ன செலவு என்று எழுதிவைக்கக் கணக்கர் இருந்தார். துளைக்கிணற்றில் அச்செலவை எழுதுவோர் எவருமில்லை. இன்றைய விவசாயப் பொருளாதாரத்தின் சிக்கல்களை வகுப்பறையிலோ கிராமக் கூட்டத்திலோ விளக்க முற்படுவோர், இந்த எழுதப்படாத கணக்கிலிருந்து தொடங்குவது நலம்.

நீரின் நிலை

கோலார் ஜில்லாவில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. பாலாறு நந்திமலைப் பக்கத்தில் தோன்றி இந்த ஜில்லாவின் வழியே சென்றாலும், ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. ஆண்டு மழை சுமார் 700 முதல் 750 மில்லிமீட்டர் வரை. இம்மழையைத் தேக்குவதற்காகவே முன்னோர் ஏரிக்குக் கீழ் ஏரியாகத் தொடர் ஏரிகளை அமைத்தனர். தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரியும் பாலாற்றின் மேல் அமைந்ததே. நிலத்தின் அடியில் இருப்பது கடினப் பாறை. ஆற்று வண்டல் நிலத்தைப்போல இப்பாறை நீரை எங்கும் பரவலாகத் தாங்குவதில்லை. வெடிப்புகளிலும் பிளவுகளிலும் மட்டுமே நீர் தங்கும். ஆதலின் அடுத்தடுத்த இரு கிணறுகளில் ஒன்று ஊறுவதும் மற்றொன்று வறண்டு கிடப்பதும் இங்கு வியப்பன்று.

ஏரிநீரும் கமலைக் கிணறும் போய், பம்பும் துளைக்கிணறும் வந்த பின்னர் நிலத்தடி நீர்மட்டம் தொடர்ந்து இறங்கிற்று. மத்திய நிலத்தடி நீர் வாரியம் கோலார் ஜில்லாவை அளவுக்கு மீறி நீர் எடுக்கப்படும் பகுதியாக வகைப்படுத்தியுள்ளது. ஆண்டுதோறும் ஊறும் நீரினும் இறைக்கப்படும் நீர் மிகுதி என்பது இதன் பொருள். ஆயிரம் அடியைக் கடந்த துளைகள் இங்குச் சாதாரணம். அவ்வளவு ஆழத்து நீரில் ஃபுளோரைடு உப்பு மிகுந்திருப்பதும் உண்டு. பற்களில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளை இவ்வட்டாரத்து ஆசிரியர்கள் கண்டிருப்பார்கள்.

ஒரு பெட்டித் தக்காளியில் எவ்வளவு ஆழம்?

இதனை எளிய பௌதிகக் கணக்கினால் காட்டலாம். ஆயிரம் லிட்டர் நீரைப் பத்து மீட்டர் உயர்த்துவதற்குக் கொள்கையளவில் 0.027 யூனிட் மின்சாரம் தேவை. பம்பும் மோட்டாரும் சேர்ந்து நூற்றுக்கு 40 பங்கு திறனுடன் இயங்குவதாகக் கொண்டால் இது 0.07 யூனிட் ஆகும். பழைய திறந்த கிணற்றின் கணக்கு இது. நீர்மட்டம் 300 மீட்டருக்கு இறங்கிவிட்டால், அதே ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 2 யூனிட் வேண்டும். செலவு முப்பது மடங்கு ஏறியது. நீரோ அதே நீர்தான்.

தக்காளிப் பயிருக்குச் சொட்டுநீர் முறையில் 400 மில்லிமீட்டர் அளவு நீர் பாய்ச்சுவதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கருக்கு இது சுமார் 16 லட்சம் லிட்டர் ஆகும். 300 மீட்டரிலிருந்து இறைத்தால் ஏறக்குறைய 3,300 யூனிட் செலவாகும். யூனிட் ஒன்றுக்கு 6 ரூபாய் எனக் கணக்கிற்காகக் கொண்டால், மின்சாரம் மட்டும் 19,800 ரூபாய். ஏக்கருக்கு 15 கிலோ கொண்ட பெட்டிகள் 2,000 விளைந்தால், பெட்டி ஒன்றுக்கு 10 ரூபாய் விழும். கர்நாடகத்தில் 10 குதிரைச்சக்தி வரையுள்ள பாசனப் பம்புகளுக்கு மின்சாரம் இலவசம். ஆகவே இந்தப் பத்து ரூபாயை அரசாங்கம் செலுத்துகிறது. விவசாயி அதனைக் காண்பதில்லை.

இலவச மின்சாரமே எல்லாத் தீங்குக்கும் மூலம் என்று நகரத்துப் பத்திரிகைகள் எழுதுவது வழக்கம். கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுசென்றால் அக்கூற்று பாதி உண்மையே என்பது விளங்கும். துளை ஒன்றுக்கு 3 லட்சம் ரூபாய் செலவு என்றும், மூன்று துளைகளில் ஒன்றே நீர் தந்தது என்றும், அந்தக் கிணறும் ஆறு ஆண்டுகளே ஊறிற்று என்றும் எடுத்துக்கொள்வோம். ஒரு நல்ல கிணற்றின் உண்மையான முதல் 9 லட்சம் ஆகும்; வட்டியை நீக்கிப் பார்த்தாலும் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். இரண்டு ஏக்கரில் ஆண்டுக்கு இரு பயிர் வைத்தால், ஒரு பயிர் ஏக்கருக்கு 37,500 ரூபாய். பெட்டிக்கு ஏறத்தாழ 19 ரூபாய். மின்சாரத்தைப்போல் இருமடங்கான இச்செலவை விவசாயியே சுமக்கிறார். எனினும் அவரும் இதனைக் கணக்கில் எழுதுவதில்லை. வறண்டுபோன துளைகளை விதியின் பக்கத்தில் எழுதிவிடுகிறார். கடன் கொடுத்தவர் மட்டும் அவ்வாறு எழுதுவதில்லை.

தோற்ற கிணறுகளின் முதலையும் நீரின் விலையில் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பதைப் பெங்களூர் விவசாய விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தின் பொருளாதார அறிஞர் எம். ஜி. சந்திரகாந்த் முதலானோர் விரிவாக ஆராய்ந்து கூறியுள்ளனர். ஒருவர் புதிதாகத் தோண்டிய கிணறு, அண்டையாரின் கிணற்று நீரை இழுத்துக்கொள்ளும் இடையீட்டையும் அவர்கள் ஒரு செலவாகவே கருதினர். எவரும் அறிந்து செய்யாத இத்தீங்கிற்கு நீதிமன்றத்திலோ பஞ்சாயத்திலோ நஷ்டஈடு கேட்பது எளிதன்று. கர்நாடக அரசு 2011ஆம் ஆண்டில் நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. ஆனால் பூமிக்கு அடியில் நடப்பதை ஆய்வாளர் எங்ஙனம் அளப்பார்?

ஏன் கேழ்வரகுக்குத் திரும்பவில்லை?

இவ்வினா கூட்டங்களில் தவறாமல் எழும். மானாவாரிக் கேழ்வரகுக்குத் துளைக்கிணறு தேவையில்லை. டாக்டர் லட்சுமணய்யா இந்திய வகைகளையும் ஆப்பிரிக்க வகைகளையும் கலந்து உருவாக்கிய இண்டாஃப் ரகங்கள் இந்த மண்ணின் மகசூலை உயர்த்தியவை. 2025-26ஆம் ஆண்டிற்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். ஏக்கருக்கு 8 குவிண்டால் என்றால் மொத்த வரவு 39,088 ரூபாய். மேலே கண்ட தக்காளி ஏக்கரின் கிணற்றுச் செலவுக்கு மட்டுமே இது ஈடாகும் என்பதைக் கவனிக்கவேண்டும். துளைக்காகக் கடன் வாங்கிவிட்ட ஒருவரைக் கேழ்வரகு மீட்காது. அவருக்கு வேண்டுவது பெருவிலை ஒருமுறை கிடைப்பது. அது சிலபோது கிடைக்கவும் செய்கிறது: 2023 ஜூலையில் கோலார் சந்தையில் பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டி விற்றது.

அந்த விலையைக் கண்டு எல்லோரும் நாற்று நடுவர். நட்ட இரண்டு, இரண்டரை மாதத்தில் எல்லாத் தோட்டமும் ஒருசேரக் காய்க்கும், விலை விழும். 2023லும் சில வாரங்களிலேயே அவ்வாறு விழுந்தது. விழுந்த விலை அடுத்த நடவைக் குறைக்கும். மீண்டும் விலை ஏறும். விலையையும் அளவையும் வரைபடத்தில் குறித்தால் கோடுகள் சிலந்திவலைபோல் சுற்றிச் செல்வதால், நிக்கலஸ் கால்டார் 1934இல் இதற்குச் சிலந்திவலைத் தேற்றம் எனப் பெயரிட்டார். கரும்பலகையில் இதனை வரைந்துகாட்டுவது எளிது. வெள்ளை ஈயினால் பரவும் இலைச்சுருட்டு நோய் போன்ற இடையூறு சேர்ந்தால் ஊசல் இன்னும் பெரிதாகிறது. ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய அர்க்கா ரக்ஷக் போன்ற நோய் தாங்கும் ரகங்கள் பயிரைக் காக்கும். விலையைக் காக்க ரகத்தால் இயலாது.

இங்கே அரசாங்கத்தின் கொள்கை இரு திசையில் இழுக்கிறது. விலை ஏறியபோது, 2023இல், மத்திய அரசு கூட்டுறவு அமைப்புகள் மூலம் தக்காளி வாங்கி நகரங்களில் மலிவு விலைக்கு விற்றது. விலை விழும்போது தாங்குவதற்கு 2018-19 வரவு செலவுத் திட்டத்தில் 500 கோடி ரூபாயுடன் அறிவிக்கப்பட்ட பசுமை நடவடிக்கைத் திட்டம் உண்டு. ஆயினும் அழுகும் பண்டத்திற்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை இல்லை, களஞ்சியமும் அரிது. குளிரறையில் வைத்தாலும் தக்காளி சில வாரங்களே தாங்கும். பட்டணத்து அடுப்புக்கு முந்தி ஓடும் உதவி, தோட்டத்திற்கு மெள்ளவே வருகிறது என்பது எமது கருத்து.

மாற்றுப் பயிரைப் பற்றிய பழைய பாடம் ஒன்றும் இந்த ஜில்லாவுக்கு உண்டு. சமூகக் காடு வளர்ப்பு என்ற பெயரில் 1980களில் கேழ்வரகு நிலங்கள் பலவற்றில் யூகலிப்டஸ் மரம் ஏறிற்று. ஆலைகள் விலை தந்தன. கூலியாள் தேவை குறைவு. நில உடைமையாளர்க்கு லாபம். கூலியாளர்க்கு வேலை இழப்பு. வட்டாரத்திற்குத் தானிய இழப்பு. 2017இல் கர்நாடக அரசு புதிய நடவுக்குத் தடை விதித்தது. பால் உற்பத்தியோ நேர்மாறாக நிலைத்து நின்றது. கூட்டுறவுச் சங்கம் நாள்தோறும் பாலை வாங்குகிறது. விலை முன்னரே தெரியும். நிச்சயம் என்பதன் விலையை அறிய விரும்புவோர் பால் சங்கத்து வாசலில் காலை ஆறு மணிக்கு நின்று பார்க்கலாம்.

நகரத்தின் கழிவுநீர்

நீரை வெளியிலிருந்து கொணரும் முயற்சியாக, பெங்களூரின் கோரமங்கலா-செல்லகட்டா பள்ளத்தாக்கில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரை நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் அளவில் கோலார் ஏரிகளுக்கு ஏற்றும் திட்டம் 2018இல் தொடங்கிற்று. முதலில் நிறைந்த லட்சுமிசாகர ஏரியில் அவ்வாண்டே நுரை பொங்கியது. வழக்கு உயர்நீதிமன்றத்துக்கும், பின்னர் உச்சநீதிமன்றத்துக்கும் சென்று, இடைத்தடைக்குப் பின் 2019இல் நீர் மீண்டும் விடப்பட்டது. இந்நீர் இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு மட்டுமே பெற்றது. மூன்றாம் கட்டமும் வேண்டும் என்பது விவசாயிகளின் கோரிக்கை. ஏரிகளைச் சூழ்ந்த கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது உண்மை. அவ்வாறு உயர்ந்த நீரைக்கொண்டு மீண்டும் தக்காளிப் பரப்பையே பெருக்கினால், கணக்கு பழைய பக்கத்துக்கே திரும்பும்.

களப்பணியாளர்கள் தத்தம் கிராமத்தில் பத்துக் கிணறுகளைத் தேர்ந்து, தோண்டிய ஆண்டு, ஆழம், செலவு, வறண்ட ஆண்டு ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிவரலாம். தோற்ற துளைகளையும் விடாமல் எழுதுதல் வேண்டும். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மேற்கண்ட மின்சாரக் கணக்கைத் தம் வீட்டுக் கிணற்றுக்குப் போட்டுப் பார்க்கட்டும். நீர்மட்டத்தின் ஆழம் தெரியாவிடில், பம்பு இறக்கியபோது எத்தனை குழாய்கள் சேர்த்தார்கள் என்று வீட்டாரைக் கேட்டு, ஒரு குழாயின் நீளத்தால் பெருக்கினால் பம்பு இருக்கும் ஆழம் கிடைக்கும். நீர்மட்டம் அதற்குச் சற்று மேலே இருக்கும்.