வாயில்லாத செல் எப்படி விழுங்குது? ஓர் உளுந்துச் செடியிடம் கேட்போம்

இந்தக் கார்த்திகையில் ஊருக்குப் போனா ஒரு வேலை செய்யுங்க. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் எந்தக் கரிசல் காட்டிலும் உளுந்தோ பாசிப்பயறோ நிற்கும். பூ எடுக்கும் பருவத்துல ஒரு செடியை மண்ணோட தோண்டி எடுங்க. பிடுங்காதீங்க, வேர் முடிச்சு மண்ணிலேயே தங்கிரும். தண்ணியில அலசி, ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்க. உள்ளே இளஞ்சிவப்பா இருந்தா, லட்சக்கணக்கான பாக்டீரியாக்களை அந்தச் செடி விழுங்கி, உயிரோட வச்சிருக்குன்னு அர்த்தம்.

வாயே இல்லாத செல் எப்படி விழுங்கும்? அதுதான் இன்றைய பாடம்.

முதல்ல அடிப்படை

செல்லைச் சுற்றி இருக்கும் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது. தடிமன் சுமார் 5 நானோமீட்டர். அது கெட்டியான தாள் இல்லை. எண்ணெய்ப் படலம் போல வழுக்கும். அதனாலதான் வளைய முடியுது.

கொழுக்கட்டை பிடிக்கிறதை நினைச்சுக்கோங்க. மாவைக் குழிச்சு, பூரணத்தை வச்சு, விளிம்பைக் கூட்டி, உச்சியில் கிள்ளி மூடுறோம். செல்லும் இதையேதான் செய்யுது: குழி, சுற்றல், கழுத்து, கிள்ளல். கடைசியில் உள்ளே ஒரு பை மிதக்கும்.

கொஞ்சம் கணக்கு

நாம பொறியியல் பசங்க, கணக்கு இல்லாம எப்படி? தட்டையான சவ்வை முழுக் கோளமாக வளைக்க ஆகும் ஆற்றல் = 8 × பை × வளைவு விறைப்பு. இதில் ஆரமே இல்லை, கவனிச்சீங்களா? சின்னக் கோளத்துக்கு வளைவு அதிகம், பரப்பு குறைவு, இரண்டும் ஈடாகிடும். விறைப்பு சுமார் 20 வெப்ப அலகு. பெருக்கினா 500 வரும். ஒரு ஏ.டி.பி. மூலக்கூறு தருவது ஏறக்குறைய 20 அலகுதான். ஆக, ஒரு பை செய்யவே 25 ஏ.டி.பி. அளவு ஆற்றல் வேணும். தானா நடக்காது, கருவி வேணும்.

கருவிகள்

சின்னச் சரக்குக்குக் கிளாத்ரின் என்ற புரதம். மூணு கால் கொண்ட துண்டுகள் கோர்த்து, கால்பந்து தையல் மாதிரி ஐங்கோணமும் அறுகோணமுமாகக் கூடை கட்டும். 1976-ல் பார்பரா பியர்ஸ் இதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார். கழுத்தைச் சுற்றி நெருக்கி அறுப்பது டைனமின். ஆனா எல்லாப் பையும் டைனமினை நம்பி இல்லை. திரவத்தை உள்ளே இழுக்கும் பைகளில் ஒரு வகை அது இல்லாமலே அறுபடுதுன்னு பெங்களூரு என்.சி.பி.எஸ். நிறுவனத்தில் சத்யஜித் மேயர் குழு 2002-ல் காட்டியது.

பெரிய சரக்கு, அதாவது ஒரு முழு பாக்டீரியான்னா, ஆக்டின் இழைகள் சவ்வை வெளியே தள்ளிக் கிண்ணம் போல அணைக்கும். நம்ம வெள்ளை அணுக்கள் இப்படித்தான் கிருமியை விழுங்குது. 1882-ல் மெட்ச்னிக்காஃப் நட்சத்திர மீனின் லார்வாவில் முள்ளைக் குத்தி, செல்கள் ஓடிவந்து அதைச் சூழ்வதைப் பார்த்தார். 1908-ல் நோபல் பரிசு. விழுங்கினதும் அமிலமும் நொதியும் ஊற்றிச் செரிச்சிரும்.

விழுங்கியும் செரிக்காத கதை

செடிக்கு இதில் ரெண்டு சிக்கல். ஒண்ணு, செல்லைச் சுற்றிக் கெட்டிச் சுவர். இன்னொண்ணு, பெரும்பாலும் கார் டயரைவிட அதிகமான உள் அழுத்தம். அதை எதிர்த்து சவ்வை உள்ளே குழிக்கணும்.

உளுந்து என்ன செய்யுது? வேர் ஒரு ரசாயன அழைப்பு விடுது. ரைசோபியம் பதில் சொல்லுது. வேர்த்தூவி தொரட்டி மாதிரி வளைஞ்சு பாக்டீரியாவைப் பிடிக்குது. பிறகு செல் தன் சுவரையும் சவ்வையும் உள்நோக்கி ஒரு குழாயா வளர்க்குது. பாக்டீரியா அதன் வழியே உள்ளே போகும். குழாயின் நுனியில் ஓரிடத்தில் சுவர் இருக்காது. அங்கேதான் சவ்வு பாக்டீரியாவைச் சுற்றிக் கிள்ளிக்கொள்ளுது. (நிலக்கடலைக்கு இந்தக் குழாய் கிடையாது, பக்கவேர் முளைக்கும் வெடிப்பு வழியா பாக்டீரியா நுழையும்.)

இந்தப் பைக்குப் பேர் சிம்பியோசோம். இது செரிமானத்துக்குப் போகாது. செடி சர்க்கரையிலிருந்து வந்த உணவைத் தருது. பாக்டீரியா காற்று நைட்ரஜனை அம்மோனியாவாக்கித் தருது. இடையில் இருப்பது அந்தச் சவ்வு மட்டும்தான். இளஞ்சிவப்பு நிறம் லெக்ஹீமோகுளோபினுடையது. நைட்ரஜன் பிடிக்கும் நொதியை ஆக்சிஜன் கெடுத்துடும். அதனால் ஆக்சிஜனை அளந்து விடும் காவலாளி இது.

நம்ம காட்டுக்கு என்ன பயன்?

மழை ஒண்ணை நம்பி விதைக்கிற மானாவாரிக்காரருக்கு யூரியா மூட்டையும் செலவு, மழை பொய்த்தா அந்தக் காசும் போச்சு. அதனால விதைக்கு முன் ரைசோபியம் விதைநேர்த்தி முக்கியம். பொட்டலத்தை ஆறின கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைக்கணும். வெயிலில் காயவைத்தாலோ சூடான கஞ்சி ஊற்றினாலோ பாக்டீரியா செத்துப்போகும். பூஞ்சாண மருந்து போடுறதா இருந்தா முதலில் அதைப் போட்டு, ஒரு நாள் கழித்து ரைசோபியம் போடணும்.

செத்த பாக்டீரியா அழைப்புக்குப் பதில் சொல்லாது, வேர்த்தூவியும் வளையாது. அதனால வீட்டுல அப்பாவோ தாத்தாவோ நேர்த்தி செஞ்ச விதையை வெயிலில் பரப்பினா, பக்கத்துல உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லுங்க. கார்த்திகையில் முடிச்சைப் பிளந்து சேர்ந்தே பாருங்க. சிவப்பா இருந்தா, பாடம் ரெண்டு பேருக்கும் புரிஞ்சிருச்சு.