ஒரே பெட்டி, பல கைகள்

அலுவலகங்களில் இரண்டு வகையான மின்னஞ்சல் முகவரிகள் இருக்கும். ஒன்று, ஊழியரின் பெயரில் அமைந்த தனி முகவரி. மற்றொன்று, ‘விசாரணை’, ‘முன்பதிவு’ என்பதுபோல வேலையின் பெயரில் அமைந்த பொது முகவரி. பொது முகவரிக்கு வரும் கடிதங்களை ஊழியர்கள் பலரும் படிக்கலாம். பலரும் பதில் எழுதலாம். இதைப் பகிர்வு அஞ்சல்பெட்டி என்பர். ஒருவர் விடுப்பில் சென்றாலும் வேலை தடைப்படாமல் நடக்க இது உதவுகிறது. ஆனால், இதில் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது.

ஒரு பல் மருந்தகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வரவேற்பு மேசையில் மூன்று ஊழியர்கள் இருக்கிறார்கள். காலையில் ஒரு நோயாளியின் மின்னஞ்சல் வருகிறது. “நாளை பல் பிடுங்க வருகிறேன். எனக்குப் பென்சிலின் மருந்து ஒத்துக்கொள்ளாது. மருத்துவரிடம் தெரிவித்துவிடுங்கள்” என்று அவர் எழுதியிருக்கிறார். முதல் ஊழியர் அதைத் திறந்து படிக்கிறார். அதற்குள் தொலைபேசி மணி அடிக்கிறது. அவர் எழுந்து போகிறார். இப்போது திரையில் என்ன நடக்கிறது? படிக்காத கடிதங்கள் தடித்த எழுத்தில் தெரியும். ஒருவர் திறந்தவுடன், அந்தக் கடிதம் மற்ற இருவருக்கும் சாதாரண எழுத்தில்தான் தெரியும். “அவர் பார்த்துவிட்டார் போலும்” என்று அவர்கள் அடுத்த கடிதத்திற்குப் போய்விடுகிறார்கள். மூவரும் கடமை தவறாதவர்கள்தாம். ஆயினும், செய்தி மருத்துவரைச் சென்று சேரவில்லை.

ஆளுக்கொரு குடம் பால் ஊற்றுமாறு அரசன் ஆணையிட, விடிந்தபோது குளம் முழுவதும் தண்ணீராக இருந்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த ஊர் மக்கள் தெரிந்தே ஏமாற்றினார்கள். இங்கே ஏமாற்றுபவர் யாருமில்லை. ‘படித்தாயிற்று’ என்பதும் ‘முடித்தாயிற்று’ என்பதும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதுதான் காரணம்.

ஆகவே, கடிதத்தைத் திறந்தவர் உடனே அதில் தம் பெயரைக் குறிக்க வேண்டும். அவுட்லுக் போன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு கடிதத்திற்கும் வண்ணக் குறியீடு இடலாம். ஆளுக்கொரு நிறத்தை வைத்துக்கொண்டால், எந்தக் கடிதம் யாருடையது என்பது ஒரே பார்வையில் புரியும். முடிக்க நேரமில்லையா? கடிதத்தை மீண்டும் ‘படிக்காதது’ என மாற்றிவிட்டு எழுந்து செல்லலாம். முடிந்த கடிதங்களைத் தனிக் கோப்புறைக்கு நகர்த்திவிட்டால், பெட்டியில் மீதமிருப்பவை எல்லாம் செய்ய வேண்டிய வேலைகளே. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொது முகவரியிலிருந்து அனுப்பிய பதில், சில நேரங்களில் அனுப்பியவரின் சொந்தப் பெட்டியில் மட்டுமே பதிவாகும். பொதுப் பெட்டியிலும் ஒரு படி சேருமாறு முன்கூட்டியே அமைக்காவிட்டால், ஒரே கேள்விக்கு இருவர் இரண்டு விதமாகப் பதில் அனுப்பும் நிலை வரலாம்.

பகிர்வு அஞ்சல்பெட்டி என்றதும், ஒரே கடவுச்சொல்லை எல்லாரிடமும் சொல்லிவைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒவ்வோர் ஊழியரும் தம் சொந்தக் கணக்கின்வழியே நுழைய வேண்டும். யாருக்கு அனுமதி என்பதை நிர்வாகி முடிவு செய்வார். பெட்டியைத் திறந்து படிக்கும் அனுமதி வேறு. அதன் பெயரில் பதில் அனுப்பும் அனுமதி வேறு. ஒருவர் வேலையை விட்டுச் சென்றால், அவருடைய அனுமதியை மட்டும் நீக்கினால் போதும். கடவுச்சொல்லைப் பகிர்ந்திருந்தால் அதை மாற்றி, எஞ்சிய எல்லாருக்கும் மறுபடி சொல்ல வேண்டும். பெரும்பாலும் யாரும் அதைச் செய்வதில்லை! உங்கள் இணைப்பாட நடவடிக்கைக் குழுவிற்குப் பொது முகவரி இருந்தால், சென்ற ஆண்டுத் தலைவர் இன்னமும் அதைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள்.

பகிர்வு நாள்காட்டியில் நடப்பது இதற்கு நேர்மாறானது. அஞ்சல்பெட்டியில் கடிதம் தானாக வந்து விழும். நாள்காட்டியிலோ நாம் எழுதினால்தான் உண்டு. அதே மருந்தகத்தின் மருத்துவர், நண்பர் ஒருவரைப் பிற்பகல் மூன்று மணிக்கு வரச் சொல்லிவிட்டு அதைக் குறிக்காமல் விட்டால், வரவேற்பு மேசைக்கு அந்த நேரம் காலியாகவே தெரியும். மூன்று மணிக்கு வாசலில் இருவர் நிற்பார்கள்.

எல்லாவற்றையும் எழுதினால் எல்லாரும் படித்துவிடுவார்களே என்று தயங்க வேண்டியதில்லை. நாள்காட்டியைப் பல அளவுகளில் பகிரலாம். சிலருக்கு முழு விவரமும் தெரியலாம்; சிலருக்கு ‘நேரமில்லை’ என்பது மட்டும் தெரியலாம். மருந்தகத்தில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். யார், எந்த நோய்க்காக வருகிறார் என்பது தனிப்பட்ட தகவல். சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. அதன்படி, இத்தகைய தகவல்களைக் காக்க நிறுவனங்கள் தக்க ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும். மருத்துவரின் அறையைச் சுத்தம் செய்ய வருபவருக்கு, அந்த அறை நான்கரை மணிக்குக் காலியாகும் என்று தெரிந்தால் போதும்.