மீட்டரைக் கடைசியில் கழற்றுங்கள்

பதுளையிலோ பண்டாரவளையிலோ வாகன எலெக்ட்ரிக் வேலை பழகுகிறீர்களா? இந்த வேலை ஒருநாள் உங்களிடம் கட்டாயம் வரும். கார் பழையது. ஓடுகிறது, லைட் எரிகிறது, ஹோர்ன் அடிக்கிறது, ஆர்பிஎம் மீட்டரின் முள் மட்டும் எழும்பவில்லை. கொண்டுவருபவர் காரணத்தையும் கையோடு கொண்டுவருவார்: “மீட்டர் செத்துப் போச்சு தம்பி, வேற ஒன்னு போட்டுடு.” அதை நம்பி டாஷ்போர்டைப் பிரித்தால் அன்றைய பொழுது அந்தக் காரோடு போய்விடும். புது மீட்டரிலும் முள் எழும்பாவிட்டால் கூலி கேட்க வாய் வராது.

இப்படிப்பட்ட கார்கள் இன்னும் ஓடுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2020இல் நின்றுபோன தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில் பழைய வண்டிகளைக் காப்பாற்றி ஓட்ட வேண்டியிருந்தது. இப்போதும் புது வண்டி விலை எல்லாருக்கும் எட்டுவதில்லை. தரையும் நம் பக்கம் வேறு மாதிரி. பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர், ஹப்புத்தளை சுமார் 1,430. ஹாலிஎலயிலிருந்து ஏ16 வீதியில் ஏறுகிற பழைய எஞ்சினை மூன்றாம் கியரில் திணறவிடுவதா, இரண்டாம் கியருக்கு இறக்குவதா என்பதை முள் சொல்லும். ஆகவே இங்கே அது அலங்காரப் பொருள் அல்ல.

முதலில் மீட்டர் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ளுங்கள். அது கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை மாதிரி: தான் பறிப்பதில்லை, வந்ததை எண்ணுகிறது. பெற்றோல் எஞ்சினில் எண்ணப்படுவது இக்னிஷன் கொயிலின் துடிப்பு. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு 2 தடவை பொறி விடும். 1,000 சுற்றில் நிமிடத்துக்கு 2,000 துடிப்பு. எஞ்சின் ஓடுகிறது என்றால் கொயில் துடிக்கிறது. அந்தத் துடிப்பு மீட்டர் வரை வந்து சேர்கிறதா என்பது மட்டுமே கேள்வி. தேடலை பொனட்டின் கீழ், கொயிலில் தொடங்கச் சொல்வது அதனால்தான்.

பழைய பிரித்தானியக் கார்களில் எலெக்ட்ரிக் மீட்டர் இரண்டு வகை. ஸ்மித்ஸ் மீட்டரின் முகப்பில் சின்ன எழுத்தில் ஆர்விஐ என்றிருந்தால், சாவியிலிருந்து கொயிலுக்குப் போகும் வெள்ளை வயரே மீட்டரின் முதுகில் ஒரு வளையம் போட்டுவிட்டுப் போகும். மீட்டர் அந்த வயரில் ஓடும் கரண்டின் துடிப்பை உணர்கிறது. ஆர்விசி என்றிருந்தால், கொயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் பக்கத்தில் தனி வயர் ஒன்று கிளம்பி மீட்டருக்கு வரும்; வெள்ளையில் கறுப்புக் கோடு. கடையில் வாங்கிப் பொருத்தும் மீட்டர்களும் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். மொறிஸ் மைனரில் கம்பனி ஆர்பிஎம் மீட்டர் வைத்து அனுப்பவில்லை. அதில் ஒன்றைக் கண்டால் பிறகு யாரோ பொருத்தியது என்று அறிந்துகொள்ளுங்கள். அந்த ஆள் கையில் கிடைத்த வயரைப் போட்டிருப்பார், நிறத்தை நம்பவே வேண்டாம்.

கைவைக்கும் முன் பெட்டரியைப் பாருங்கள். எந்தத் தலை பொடியில் பூட்டியிருக்கிறது? 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரித்தானியக் கார்களில் பெரும்பாலும் பொசிட்டிவ்தான் ஏர்த். ஜப்பான் காரில் பழகிய கை பெட்டரி மாற்றும்போது பழக்கதோஷத்தில் நெகட்டிவை பொடிக்குக் கொடுத்துவிடும். பல்புக்கும் ஹீட்டர் மோட்டருக்கும் அது பெரிய விஷயமில்லை. மீட்டருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டருக்கு அது விஷயம். “பெட்டரி மாத்தினதுல இருந்துதான் இப்படி” என்று ஒருவர் சொன்னால் பாதி வேலை முடிந்தது. பழைய கொயிலின் தலைகளில் எஸ்டபிள்யூ, சிபி என்று போட்டிருக்கும்: முதலாவது சாவிப் பக்கம், இரண்டாவது டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம். கூட்டல் கழித்தல் குறியை விட இந்த எழுத்துகள் நம்பகமானவை. ஏர்த் மாறினாலும் அவை பொய் சொல்லாது.

இனி ஆர்விசி வகைக்கான சோதனை. சாவியைப் போட்டு, மீட்டரின் பச்சை வயரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் பியூஸைச் சுரண்டித் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அடுத்தது ஏர்த். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் போட்டு, மீட்டரின் கறுப்பு வயருக்கும் பெட்டரியின் ஏர்த் தலைக்கும் இடையே அளந்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கூடினால் ஏர்த் சரியில்லை. சிக்னல் லைட் மினுங்கும்போதெல்லாம் முள்ளும் சேர்ந்து ஆடினால் அளக்கவே தேவையில்லை. இரண்டும் சரியென்றால், கொயிலின் சிபி தலையிலிருந்து ஒரு தனி வயரை வெளியால் இழுத்து மீட்டரில் கொடுங்கள். முள் எழும்பினால் மீட்டர் நல்லது, உள்ளே போகும் வயர்தான் எங்கோ அறுந்திருக்கிறது. எழும்பாவிட்டால் மட்டும் மீட்டரைக் கழற்றலாம்.

ஆர்விஐ வகையில் வெள்ளை வளையம் அறுந்தால் எஞ்சினே நின்றுவிடும். எஞ்சின் ஓடியும் முள் கிடந்தால் பச்சை வயர், ஏர்த், வளையம் சுற்றியிருக்கும் திசை ஆகியவற்றைப் பாருங்கள். ஏர்த்தை நெகட்டிவுக்கு மாற்றிய காரில் வளையத்தின் திசையையும் மீட்டரின் உள் இணைப்பையும் மாற்ற வேண்டும். பொயின்ட்டைக் கழற்றி எலெக்ட்ரோனிக் இக்னிஷன் போட்ட காரிலும் இந்த வகை மீட்டர் அடிக்கடி முரண்டு பிடிக்கும்.

இரண்டு எச்சரிக்கை. பழைய பிரித்தானியக் கார்களில் வெள்ளை வயருக்கு பியூஸ் கிடையாது. டாஷ்போர்டின் பின்னால் ஸ்குரூட்ரைவர் வழுக்கினால் வயர் கட்டு முழுக்க எரியும். பெட்டரியைக் கழற்றாமல் அங்கே கையை விடாதீர்கள். கொயிலின் சிபி தலையில் எஞ்சின் ஓடும்போது சில நூறு வோல்ட் உதைக்கும். மலிவு மல்டிமீட்டர் அதைத் தாங்காது, விரலும் தாங்காது.

ஊவாவில் வடகீழ்ப் பருவமழையும் பனிமூட்டமும் செய்கிற வேலை தனி. வயர்கள் சேரும் குண்டுமுனை இணைப்புகளுக்குள் ஈரம் இறங்கிப் பச்சை பூத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மழைநாளில் படுத்து வெயிலில் எழும்பும் முள்ளுக்கு இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

தவறாகக் காட்டும் முள் வேறு கதை. பின்னால் 4, 6, 8 என்று சுவிட்ச் உள்ள மீட்டரை நான்கு சிலிண்டர் காரில் 6இல் வைத்தால் 3,000 சுற்று 2,000 ஆகத் தெரியும். 8இல் வைத்தால் 1,500.

ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் விட்டுவிட்டு நிற்கிறது என்று ஒருவர் வந்தால், நல்ல மீட்டர் உங்களுக்கே உதவும். கியரில் வண்டி உருளும்போதே முள் சட்டென்று பூச்சியத்தில் விழுந்தால் கொயிலின் துடிப்பு நின்றிருக்கிறது: பொயின்ட், கொண்டென்சர், சாவி, தளர்ந்த வயர். வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் பெற்றோல் பக்கம் போங்கள். இதைத் தெரிந்தவருக்கு கார்புரேட்டரைக் கழற்றும் வேலை பல தடவை மிச்சம்.

தோட்டத்துப் பழைய ஜீப்பில் டீசல் எஞ்சின் இருந்தால் மேலே சொன்ன கொயில் கணக்கு எதுவும் செல்லாது. டீசலில் கொயிலே இல்லை. ஆல்டர்னேட்டரின் டபிள்யூ தலையிலிருந்து துடிப்பு எடுக்கலாம். ஆனால் அதன் எண்ணிக்கை புல்லியின் அளவைப் பொறுத்தது, ஆகவே மீட்டரை அளவுக்குத் திருகிச் சரிசெய்ய வேண்டும். தேயிலை ஃபெக்டரியில் ஃபேன், மோட்டர் வேகம் பார்க்கக் கையில் பிடிக்கும் டேக்கோமீட்டர் இருந்தால் இரவல் கேளுங்கள். கிராங்க் புல்லியில் ஒளிரும் பட்டி ஒட்டி ஒப்பிட்டுவிடலாம்.

கூலியைப் பற்றி இங்கே பேசத் தயங்குகிறோம். தேடிப் பார்க்கும் கூலி வேறு, திருத்தும் கூலி வேறு என்று வண்டியைத் தொடும் முன்பே சொல்லிவிடுங்கள். வயரைக் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். அளந்த வோல்ட்டை ஒரு தாளில் எழுதி உரிமையாளரிடம் கொடுங்கள். அவர் ஓய்வுபெற்ற பெரிய துரையானாலும் சிங்கள மாத்தயாவானாலும் அந்த எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. வயரிங் படம் படிக்கப் பழகுங்கள். அவற்றில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து பழுப்பையும் ‘யூ’ நீலத்தையும் குறிக்கும், ஏனென்றால் ‘பி’ கறுப்புக்குப் போய்விட்டது.

கராஜில் பாஸிடம் பழகிய கைக்கும் சான்றிதழ் வாங்கலாம். என்.வி.கியூ எனும் தேசிய தொழில் தகைமையில் 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டநிலை. வகுப்புக்குப் போகாமல் வேலையில் கற்றவர்களைச் சோதித்துத் தகைமை வழங்கும் வழியும் அதில் உண்டு. நைட்டா எனும் தொழிற்பயிலுநர் பயிற்சி அதிகார சபையின் அலுவலகத்தில் கேளுங்கள். போகும்போது செய்த வேலைகளின் படங்களையும் அந்த வோல்ட் தாள்களின் பிரதிகளையும் ஒரு ஃபைலில் போட்டுக் கொண்டுபோங்கள். சோதிப்பவர்கள் செய்த வேலைக்கு ஆதாரம் கேட்பார்கள்.